பேயைப் பார்த்துச் சிரிக்கலாமா?

நமது தோழர்களில் சிலர் சில காலமாக நம்மை ஒரு கேள்வி கேட்டு வருகிறார்கள். பேய் இல்லை, பிசாசு இல்லை, பில்லி சூனியம் இல்லை என்று மேடைக்கு மேடை பேசி வருகிற நாம் பேய்ப் படங்களைப் பார்க்கலாமா என்பதே அக்கேள்வி. ஒரு தோழர் இன்னும் ஒரு படி மேலே போய், கூட்டத்தில் பேயைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பேய்ப் படம் பார்க்கிறவன், கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்துவிட்டுக் கொல்லைப்புற வழியாய்ப் போய்க் குடிக்கிறவனுக்குச் சமானம் என்றும், ஆகையால் இயக்கத்தவர் எவரும் பேய்ப் படம் பார்க்கக் கூடாதென்று நாம் எழுத வேண்டும் என்றும் நமக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய ஆத்திரம் நமக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப்படி நாம் எழுதப் போவதில்லை. அதோடு, பார்க்கவேண்டிய பேய்ப் படங்களும் சில உண்டு என்று சொல்லப் போகிறோம். அதற்குக் காரணம் சொல்லவேண்டியது நமது கடமையல்லவா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பேய்ப் படங்கள் எல்லாவற்றிற்கும் வக்காலத்துப் போட நாம் வரவில்லை. பேய்ப் படங்களில் இரண்டு ஜாதி உண்டு. (ஜாதி என்கிற சொல்லுக்காக வாசகர்கள் மன்னிக்கவேண்டும், அவசரத்துக்கு வேறு சொல் அகப்படவில்லை.) ஒன்று, "இது மெய்யாகவே நடந்தது" என்று சத்தியம் செய்து காசு பறிக்கிற ஜாதி. அமெரிக்காவில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் அமிட்டிவில் என்று ஓர் ஊர். அங்கே 1974ம் வருஷத்தில் ஒருவன் தன் தாய் தகப்பனையும் உடன்பிறந்தார் நால்வரையும் சுட்டுக் கொன்றான். அந்த வீட்டைப் பிறகு வாங்கிய குடும்பம் 28 நாளில் வீட்டை விட்டுப் போய்விட்டது. பேய் விரட்டிற்று என்று சொல்லிற்று. உடனே 1977ல் ஒரு புத்தகம், 1979ல் ஒரு சினிமா. ஜனங்கள் உண்மை உண்மை என்று அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். கொலைகாரனுக்காகக் கோர்ட்டில் வாதாடிய வக்கீலே, அந்தக் கதை தாங்கள் எல்லோருமாய் உட்கார்ந்து பல பாட்டில் ஒயினுக்கு நடுவில் ஜோடித்ததென்று அந்த 1979லேயே சொல்லிவிட்டார். பின்னால் அதே வீட்டில் குடியிருந்தவர்களோ, பேயினால் தங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தின் தொந்தரவுதான் தாங்க முடியவில்லை என்றார்கள். இந்த ஜாதிப் படத்திற்கும் குறி சொல்லுகிறவனுக்கும் நாம் யாதொரு வித்தியாசமும் காணவில்லை. இதை நாமும் கண்டிக்கிறோம்.

மற்றொரு ஜாதியைப் பற்றித்தான் இங்கே பேச்சு. 1980க்கும் 1990க்கும் இடைப்பட்ட பத்து வருஷத்தில், கையில் காசில்லாத சில வாலிபர்கள், பெரும்பாலும் அமெரிக்காவிலும், ஒருவர் நியூசிலாந்திலுமாக, பயமும் சிரிப்பும் கலந்த ஒரு தினுசுப் படங்களை எடுத்தார்கள். பெரிய கொட்டகைகளில் அவை ராஜ நடை போடவில்லை. வீடியோ கேசட்டாக வாடகைக் கடைகளில் கிடந்து, வாலிபர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி, இன்றைக்கு நாற்பது வருஷமாகியும் அவற்றுக்கென்றே ஒரு கூட்டம் எல்லாத் தேசங்களிலும் இருந்துகொண்டிருக்கிறது. "இது நிஜம்" என்று இவை ஜனங்களை நம்பவைக்கப் பார்த்தது கிடையாது. பேய் எந்தச் சாமானால் செய்யப்பட்டது என்பது பார்க்கிறவனுக்குப் பாதி தெரியும்படியே இவை இருக்கின்றன. இவற்றின் அழகும் அதில்தான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

உதாரணமாக, "ஈவில் டெட்" என்கிற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த சாம் ரெய்மி, புரூஸ் காம்ப்பெல், ராபர்ட் டாப்பர்ட் ஆகிய மூன்று வாலிபர்கள் கூடிச் செய்த வேலை அது. படமெடுக்கத் தொடங்கிய 1979ம் வருஷக் கடைசியில் ரெய்மிக்கு வயது 20. பணத்திற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? 1978ல் ஒரு சிறு படத்தை மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொண்டு, டெட்ராய்ட் பக்கத்துப் பல் டாக்டர்களிடமும் வக்கீல்களிடமும் போய்ப் போட்டுக் காட்டிக் கொஞ்சங் கொஞ்சமாய்த் திரட்டினார்கள். கடைசியில் ஆன செலவு சுமார் 3,75,000 டாலர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. நமக்கு இது பெருந்தொகைதான். ஆனால் அதே 1981ல் வெளியான ஒரு பெரிய சாகஸப் படத்திற்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் செலவு என்றால், இவர்களுடையது எந்த மூலைக்கு? டென்னசி மாகாணத்தில் மாரிஸ்டவுன் என்கிற ஊர்ப்பக்கத்துக் காட்டில் ஆளில்லாத ஒரு மர வீட்டைப் பிடித்துக்கொண்டு, நடுக்கும் குளிரில், கடைசி நாட்களில் குளிர் காய்வதற்கு வீட்டு மேஜை நாற்காலியையே உடைத்து எரித்துக்கொண்டு படத்தை முடித்தார்கள். நடிக்க வந்தவர்களில் பலர் பாதியில் போய்விட்டார்கள். அவர்கள் நிற்கவேண்டிய இடத்தில் மிச்சமிருந்தவர்கள் முதுகைக் காட்டியும் கையைக் காட்டியும் நின்றார்கள். இரத்தம் என்று படத்தில் கொட்டுவது மக்காச்சோளப் பாகில் சாயம் கலந்தது. பேய் பிடித்தவர்களின் வெள்ளைக் கண்ணுக்காக மாட்டிய கண்ணாடி வில்லையோ, மாட்டினால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. சில நிமிஷங்களுக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. ஆக, அந்தப் படத்துப் பேய்களெல்லாம் குருட்டுப் பேய்கள்!

இருக்கட்டும். இந்தப் படத்தில் பெரிய பேய் ஒன்று இருக்கிறது. காட்டுக்குள்ளிருந்து கிளம்பித் தரையோடு தரையாய்ச் சீறிக்கொண்டு வந்து, மரத்தைச் சாய்த்து, கதவை உடைத்து, மனிதனை விரட்டுகிறது. அது வரும்போது பார்க்கிறவனுக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் படம் முடிகிற மட்டும் அது ஒரு தடவையாவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏன் தெரிவதில்லை? அதற்கு உருவம் செய்யக் கையில் காசில்லை! ஆகவே அந்த வாலிபர்கள் ஒரு யோசனை செய்தார்கள். ஒரு நீளப் பலகையை எடுத்து, அதன் நடுவில் காமிராவை முடுக்கி, இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் தலைதெறிக்க ஓடினார்கள். அவ்வளவுதான் பேய்.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாய் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். நம் ஊர் மந்திரவாதியும் பேய் கண்ணுக்குத் தெரியாது என்றுதான் சொல்லுகிறான். கோடங்கிக்காரனும் அதைத்தான் சொல்லுகிறான். அவர்கள் சொல்லுவதற்கும் அந்த மிச்சிகன் பிள்ளைகள் காட்டாமல் விட்டதற்கும் காரணம் ஒன்றேதான்: காட்டுவதற்கு ஒன்றுமில்லை. வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் அந்தப் பலகையின் கதையை ஊரறியச் சொல்லிவிட்டார்கள். படத்தில் அரக்கு முகங்களையும் அழுகும் உடல்களையும் செய்தவர் டாம் சல்லிவன் என்று பெயர் எழுத்திலேயே போட்டிருக்கிறது. பேய் செய்தவர் இன்னார் என்று திரையில் எழுதிக் காட்டுகிற நாணயம் எந்தத் தலபுராணத்தில் இருக்கிறது? 1995ம் வருஷம் செப்டம்பர் 21ந் தேதி இந்த தேசம் முழுவதும் பிள்ளையார் சிலை பால் குடிக்கிறதென்று படித்தவன் படிக்காதவன் எல்லோரும் சொம்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்களே, அன்றைக்குத் தந்திரக் காட்சி அமைத்தவர் இன்னார் என்று எங்கேயாவது பலகை மாட்டினார்களா? விஞ்ஞானிகள் வந்து, கரண்டி விளிம்பிலிருந்து பால் கல்லின்மேல் இழுபட்டு வழிந்து போகிற சங்கதியைச் சாயம் கலந்து செய்து காட்டவேண்டியதாயிற்று.

நிற்க, அந்தப் படத்தின் கதை நமக்கு இன்னும் ருசியானது. ஐந்து வாலிபர்கள் விடுமுறைக்கு அந்தக் காட்டு வீட்டுக்குப் போகிறார்கள். நிலவறையில் மனிதத் தோலால் கட்டிய ஒரு பழைய புத்தகமும், ஒரு டேப் ரிக்கார்டரும் கிடக்கின்றன. அதில், அப்புத்தகத்தை ஆராய்ச்சி செய்த ஒரு பண்டிதர் மந்திரங்களை வாசித்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார். பிள்ளைகள் பெட்டியைத் திருகுகிறார்கள், பண்டிதர் குரல் மந்திரத்தைச் சொல்லுகிறது, பேய்கள் எழுந்துவிடுகின்றன! நம் தேசத்தில் மந்திரம் சொல்லுவதற்கு என்னென்ன ஏற்பாடு! இன்ன குலத்தில் பிறந்திருக்க வேண்டும், குளித்திருக்க வேண்டும், மடியாயிருக்க வேண்டும், ஒரு எழுத்துப் பிசகினாலும் பலன் தலைகீழாகிவிடும் என்றெல்லாம் சொல்லி ஆயிரக்கணக்கான வருஷம் சாப்பிட்டாயிற்று. குலமுமில்லாமல் கோத்திரமுமில்லாமல், குளித்தால் கெட்டுப்போகிற ஒரு பெட்டி சொன்னால் போதும், மந்திரம் வேலை செய்யும் என்று அந்தப் பிள்ளைகள் கதை கட்டியிருக்கிறார்கள். வேண்டுமென்று கேலி செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, நமக்குச் சந்தோஷமே. 1992ல் வந்த இவர்களுடைய மூன்றாவது படத்தில் கேலி வெளிப்படையாகவே இருக்கிறது. கதாநாயகன் மூன்று சொல் மந்திரத்தில் மூன்றாவது சொல்லை மறந்துவிட்டு, இருமுகிற மாதிரி ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறான். நம் ஊர்க் கலியாணங்களில் நூற்றுக்கு எத்தனை மந்திரம் இந்தப்படி இருமலிலேயே முடிகிறது என்று யார் கண்டது?

முதல் படத்தின் முடிவில் பேயை எப்படி ஒழிக்கிறார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? பாதிரியார் வரவில்லை. சிலுவை வரவில்லை. கதாநாயகன் தவழ்ந்து தவழ்ந்து போய், அந்த வேத புத்தகத்தைத் தூக்கிக் கணப்பு அடுப்பில் போடுகிறான். புத்தகம் எரிய எரியப் பேய்களின் உடல் கரைந்து ஒழுகுகிறது. இந்த யோசனையை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. நம்முடைய தீர்மானங்கள் டென்னசி காட்டுக்குப் போயிருக்க நியாயமில்லை!

1987ல் இரண்டாவது படம் வந்தது. இதற்குக் கொஞ்சம் பணம் கிடைத்தது. சுமார் 35 லட்சம் டாலர். பணம் வந்ததும் வேறொருவனாயிருந்தால் பெரிய மனிதத் தோரணை காட்டியிருப்பான். இவர்களோ முழுக்க முழுக்கச் சிரிப்பில் இறங்கிவிட்டார்கள். இதில் ஒரு காட்சி. கதாநாயகனுடைய வலது கைக்கு மட்டும் பேய் பிடித்துவிடுகிறது. அவனுடைய கையே அவன் தலையில் தட்டை உடைக்கிறது, தலைமயிரைப் பிடித்து இழுக்கிறது, கீழே தள்ளுகிறது. காம்ப்பெல் என்கிற அந்த நடிகர் ஒரு ஆளாய் நின்றுகொண்டே இரண்டு ஆளாய்ச் சண்டை போடுகிறார். கடைசியில் கையை மரமறுக்கும் யந்திர ரம்பத்தால் அறுத்துப் போட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி, வாளி நகராமலிருக்க மேலே புத்தகங்களை அடுக்குகிறார். மேலே இருக்கிற புத்தகம் "எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்". ஹெமிங்வே எழுதிய நாவல். ஆயுதங்களுக்கு விடை என்றும் பொருள், கைகளுக்கு விடை என்றும் பொருள். சாமி வந்து ஆடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வேண்டாதவனை அடிப்பதும், கேட்டதை வாங்குவதுமாய் அங்கே ஒவ்வொரு அசைவிலும் ஒரு கணக்கு இருக்கும். தன்னைத்தானே அடித்துக்கொள்ளுகிற இந்தக் கையில் அந்தக் கணக்குக் கிடையாது. இப்படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் ஒரு பேயாட்டத்தைப் பார்க்கப் போகிறவனுக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாகவே இருக்கும்.

இனி நியூசிலாந்து சங்கதிக்கு வருவோம். நமக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆகையால் கொஞ்சம் விரிவாய்ச் சொல்லுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பீட்டர் ஜாக்சன் என்கிறவர் 1961ல் பிறந்தவர். பூக்கெருவா பே என்கிற கடலோரச் சிற்றூர்க்காரர். 16வது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பத்திரிகை ஆபீஸில் படங்களுக்கு பிளாக் எடுக்கிற வேலைக்குப் போனார். சினிமாவை அவருக்கு எந்தக் கலாசாலையும் கற்றுக்கொடுக்கவில்லை. தாய் தகப்பனார் வாங்கிக் கொடுத்த சிறு காமிராவைத் தட்டித் தட்டித் தானே கற்றுக்கொண்டார். கூலிக்குப் போன இடத்தில் கிடந்த துண்டுப் பத்திரிகையைக் கூட்டி வாசித்து எழுத்தறிந்த நமக்கு, இப்படிப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டால் ஒரு உறவினரைப் பற்றிக் கேட்பது போலவே இருக்கிறது.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து 16 மில்லிமீட்டர் காமிரா ஒன்று வாங்கினார். முடுக்கிவிட்டு ஓட்டுகிற காமிரா, ஒரு முடுக்குக்கு அரை நிமிஷ அளவில்தான் ஓடும், சத்தம் பதியாது. நண்பர்களெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். ஒரு சின்னப் படமாய் ஆரம்பித்தது நீண்டுகொண்டே போய், 1983ல் தொடங்கி 1987 வரையில் நாலு வருஷம் ஞாயிறு ஞாயிறாக எடுக்கப்பட்டது. வேற்றுலகத்து அரக்கர்களுக்கு முகமூடி வேண்டுமே. அதைத் தாயாருடைய சமையலறை அடுப்பில் வேகவைத்து எடுத்தார். துப்பாக்கிகளை அலுமினியக் குழாயில் செய்தார். காமிராவைத் தூக்குகிற கருவியையும் தானே செய்துகொண்டார். ஆள் போதாதபோது தானே இரண்டு வேஷம் போட்டார்: ஒரு வேஷம் மனிதன், ஒரு வேஷம் அரக்கன். மலை முகட்டிலிருந்து தலைகீழாய்த் தொங்குகிற அரக்கனின் காலை மனிதன் பிடித்துக்கொண்டிருக்கிற காட்சி ஒன்று உண்டு. பிடித்திருப்பவரும் ஜாக்சன், தொங்குகிறவரும் ஜாக்சன்! ஒரு வேஷத்துக்குத் தாடி வேண்டும், மற்றதற்கு வேண்டாம். ஆகையால் இரண்டையும் வேறு வேறு காலத்தில் எடுத்து ஒட்டினார். கடைசிக் காலத்தில் அந்நாட்டு சர்க்காரின் சினிமா கமிஷன் பண உதவி செய்து படத்தை முடிக்க வைத்தது. "பேட் டேஸ்ட்" என்பது படத்தின் பெயர். நம் பாஷையில் அருவருப்பு ரசனை என்று சொல்லலாம். உள்ளதை உள்ளபடி பெயராய் வைத்த யோக்கியதையை மெச்சவேண்டும்.

கதை என்ன? வேற்றுலகத்து அரக்கர்கள் ஒரு கடலோர ஊருக்கு வந்து, ஊரார் எல்லோரையும் கொன்று அட்டைப்பெட்டிகளில் அடைத்துவிட்டார்கள். எதற்கென்றால், அங்கே அவர்கள் நடத்துகிற அவசரச் சாப்பாட்டுக் கம்பெனிக்குப் புதுத் தினுசு இறைச்சி வேண்டுமாம்! ஆக, அரக்கனுக்குக் கோரைப்பல்லைவிட வியாபாரக் கணக்குத்தான் முக்கியம். ஜாக்சன் போட்ட மனித வேஷக்காரனுக்கோ மண்டை பிளந்து மூளை வெளியே வந்துவிடுகிறது. அவன் அதை உள்ளே திணித்துவிட்டு, இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகிறான். இதையெல்லாம் பார்க்க வயிற்றைப் புரட்டத்தான் செய்யும். சாப்பிட்டவுடனே பார்க்கவேண்டாம் என்று எச்சரிக்கை செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு காட்சியிலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து நண்பர்கள் ஒன்றுகூடிச் செய்தது இது என்கிற சந்தோஷம் தெரிகிறது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவைக் கேலி செய்யும்போது திரைத்துணிக்குப் பின்னால் அடுத்த வேஷக்காரன் பீடி குடிக்கிற புகை வருமே, அந்தச் சந்தோஷம். அந்த பிளாக் எடுக்கிற தொழிலாளிதான் பின்னால் 2003ல் ஒரு பெரும்படம் எடுத்து, அது 2004ல் 11 ஆஸ்கார் பரிசுகளை வாங்கிற்று. ரெய்மியும் 2002ல் "ஸ்பைடர்மேன்" எடுத்துப் பெரியவராகிவிட்டார். அது நமக்கு முக்கியமல்ல. அவர்கள் பெரியவர்களாகியிருக்காவிட்டாலும் அந்தப் பலகையும் அந்த அடுப்பும் அவ்வளவு மதிப்புள்ளவையே.

இன்னொரு படத்தை ஒரு விசேஷ காரணத்திற்காகச் சொல்லவேண்டும். 1985ல் டான் ஓ'பானன் என்பவர் எடுத்த "ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்". மேலே சொன்னவற்றைவிடக் கொஞ்சம் செலவு கூடிய படம். இதில் பிணங்கள் எழுந்திருப்பதற்குப் பாவமோ சாபமோ காரணமில்லை. பட்டாளத்தார் தவறாக ஒரு கிடங்குக்கு அனுப்பிவிட்ட விஷப் பீப்பாய் கசிந்துவிடுகிறது. எழுந்த பிணத்தை மறைக்கச் சுடுகாட்டு உலையில் போட்டு எரிக்கிறார்கள். புகை மேகத்தில் கலந்து மழையாய்ப் பெய்து, கல்லறைத் தோட்டம் முழுவதும் எழுந்துவிடுகிறது. கடைசியில் பட்டாளத்தார் ஊர்மேலேயே அணுகுண்டைப் போட்டுக் காரியத்தை முடித்துக்கொள்ளுகிறார்கள். இடையில் ஒரு பிணம், ஆஸ்பத்திரி வண்டியின் ரேடியோவை எடுத்து, இன்னும் சில ஆட்களை அனுப்புங்கள் என்று மரியாதையாகக் கேட்கிறது, தின்பதற்கு!

நாம் சொல்லவந்த விசேஷம் வேறு. எழுந்த பிணங்கள் மனித மூளையைத் தேடித் தின்னும் என்பது இன்றைக்கு உலகத்தில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதியாயிருக்கிறது. ஆனால் 1968ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த முதல் பிணப் படத்தில் அவை வெறும் மாமிசம் தின்றனவே தவிர மூளையென்று தேடவில்லை. மூளை என்கிற நம்பிக்கை பரவியது இந்த 1985ம் வருஷப் படத்திலிருந்து. அதற்கும் முன்னே போனால், "ஜோம்பி" என்கிற இந்த எண்ணமே ஹெய்ட்டித் தீவுக் கரும்புத் தோட்டங்களில் பிரெஞ்சுக்கார எஜமானர்களிடம் அடிமைகளாய் வாடிய ஆப்பிரிக்க மக்களிடமிருந்து வந்தது. செத்த பிறகாவது விடுதலை கிடைக்கும் என்று நம்பியிருந்தவனுக்கு, செத்தும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்கிற பயம். அதில் தின்கிற பேச்சே இல்லை. வேலை வாங்குகிற பேச்சுதான். ஆகவே தோழர்களே, ஒரு நம்பிக்கைக்குப் பிறந்த தேதியும் பெற்ற தகப்பன் பெயரும் நம் கையில் இருக்கிறது. நாற்பதே வருஷத்தில் அது ஆதிகாலம் முதற்கொண்டு உள்ள சங்கதிபோல் ஆகிவிட்டது. நாற்பது வருஷத்தில் இவ்வளவு என்றால், இரண்டாயிரம் வருஷம் கையில் கிடைத்தவர்கள் என்னென்ன செய்திருக்க மாட்டார்கள்?

இப்படிப்பட்ட படங்களைத் தடுக்கவேண்டும் என்று சொல்லுகிற தோழர், இங்கிலாந்தில் நடந்ததையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே மேரி வைட்ஹவுஸ் என்கிற அம்மையார் கிறிஸ்தவ ஒழுக்கத்தின் பெயரால் பெரிய கிளர்ச்சி செய்தார். பத்திரிகைகள் கூடச் சேர்ந்து கூச்சல் போட்டன. போலீசார் வீடியோ கடைகளில் புகுந்து கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். ஈவில் டெட் படமும் அவ்வாறு பறிமுதல் செய்யப்பட்டு வழக்குக்கு வந்தது. எதைப் பறிப்பது என்று தெரியாமல், "தி பிக் ரெட் ஒன்" என்கிற யுத்தப் படத்தையும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஆபாசப் படமென்று தூக்கிப்போனதாகச் சொல்லப்படுகிறது. 1984ல் இதற்கென்று ஒரு சட்டமே செய்தார்கள். ஈவில் டெட் வெட்டுப்படாமல் அங்கே வெளிவர 2001 ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை ஐரோப்பியக் கமிஷனுக்கு முறைப்படி அறிவிக்க மறந்துபோனதால் அது செல்லுபடியாகாத சட்டம் என்று 2009ல் கண்டுபிடித்தார்கள்! 25 வருஷம் கழித்து, 2010ல் மறுபடியும் அதே சட்டத்தை நிறைவேற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பயந்து கால் நூற்றாண்டு கைகட்டி நின்றவர்கள் பேயை நம்பினவர்கள் மட்டுமல்ல என்று தெரிகிறதல்லவா? மத ஒழுக்கத்தின் பெயரால் தடை கேட்கிறவர்கள் பக்கத்தில் போய் நாமும் நின்றுகொள்ளுவது நமக்கு அழகா என்று அந்தத் தோழரைக் கேட்கிறோம். அவர்கள் இன்றைக்குப் பேயைத் தடுப்பார்கள், நாளைக்கு நம் பத்திரிகையைத் தடுப்பார்கள். நாம் அதையும் பார்த்தவர்கள்தானே.

இதனால் இப்படங்களில் குற்றமே இல்லை என்று நாம் மறைத்துப் பேசவில்லை. பெண்களை இவை நடத்துகிற விதம் பெரும்பாலும் கேவலமானது. முதல் ஈவில் டெட்டில் ஒரு பெண்ணைக் காட்டு மரங்கள் பலாத்காரம் செய்கிறதாக ஒரு காட்சி இருக்கிறது. அதற்குக் கதையிலும் அவசியமில்லை, சிரிப்பிலும் இடமில்லை, வெறும் அக்கிரமம். ரெய்மியே பிற்காலத்தில் அதை எடுத்தது தவறு என்று வருந்தியிருக்கிறார். 1985ல் வந்த "ரீ அனிமேட்டர்" படத்தின் கடைசிப் பகுதியிலும் இதே அசிங்கம். பேயைத் துச்சமாய் நினைக்கத் தெரிந்த வாலிபர்களுக்குப் பெண்ணை மனுஷியாய் நினைக்கத் தெரியவில்லை. பேயைவிட இந்தப் பேய் பழையது. பகுத்தறிவு பேசுகிற ஆண்களின் வீட்டிலும் இது குடியிருக்கிறது. பெண் தோழர்கள் இக்காட்சிகளைக் காரணம் காட்டி இப்படங்களே வேண்டாமென்றால் அவர்களோடு வாதாட நமக்கு வாயில்லை. நியூஜெர்சியில் டிரோமா கம்பெனியார் 1984ல் எடுத்த "டாக்ஸிக் அவெஞ்சர்" என்கிற படத்தில், எல்லோராலும் ஏய்க்கப்படுகிற ஒரு தரை துடைக்கும் தொழிலாளி விஷக்கழிவில் விழுந்து அரக்கனாகி, அந்தத் துடைப்பத்தையே ஆயுதமாய்க்கொண்டு லஞ்சக்கார மேயரைத் தண்டிக்கிறான். துடைப்பக்காரனைக் கதாநாயகனாக்கினதில் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் படத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு குப்பை. அதையும் சொல்லிவிடுகிறோம்.

இதே காலத்தில் பம்பாயில் ராம்சே சகோதரர்கள் ஏழு பேர், ஒருவர் காமிரா, ஒருவர் ஒலி, ஒருவர் வெட்டி ஒட்டுதல், இருவர் டைரக்ஷன் என்று வீட்டோடு வேலை பார்த்து மலிவுப் பேய்ப் படங்கள் எடுத்தார்கள். உழைப்பில் இவர்கள் யாருக்கும் இளைத்தவர்களல்ல. 1984ல் அவர்களுடைய "புரானா மந்திர்" சக்கைப்போடு போட்டது. அதிலும் சிரிப்பு உண்டு. ஆனால் சிரிப்பு ஒரு பக்கம், பேய் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பேய்க்கு எதிரே திரிசூலத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பயமுறுத்துகிற கடையும் தாயத்து விற்கிற கடையும் ஒரே முதலாளியுடையதாய்ப் போய்விடுகிறது. ரம்பத்தை நம்புகிறவனுக்கும் சூலத்தை நம்புகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆங்காங்கில் 1985ல் வந்த "மிஸ்டர் வாம்பையர்" படத்தில்கூட, மலிவுப் படமல்லவென்றாலும், பரிகாரத்தைக் கேலி செய்கிற தைரியம் இருந்தது. குதிக்கும் பிணத்தின் விஷத்தை முறிக்கப் பசையரிசி வேண்டும். வாங்கப்போனால் கடைக்காரன் அதில் சாதா அரிசியைக் கலந்து விற்றுவிடுகிறான்!

ஆகவே, நமக்கு எழுதிய தோழருக்கு நாம் சொல்லுவது இது. பேய்ப் படம் பார்த்தவனை இயக்கத்தை விட்டு விலக்குவதைவிட, பார்த்தவனை அழைத்து, அந்தப் பேய் எப்படிச் செய்யப்பட்டதென்று நாலு பேருக்குச் சொல்லச் சொல்லலாம். அலகு குத்திக்கொண்டு கார் இழுத்துக்காட்டுகிற தோழர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தீ மிதித்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்கு அவ்வளவு கஷ்டம்கூட வேண்டியதில்லை. ஐந்தாறு அடிப் பலகை ஒன்றும், அதன் நடுவில் கட்ட ஒரு செல்போனும், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு இரண்டு வாலிபர்களும் இருந்தால் போதும். பேய் இருக்கிறதென்று ஊரார் சொல்லுகிற புளியந்தோப்பில் ராத்திரி எட்டு மணிக்கு மேல், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு, வீதி முனை வரைக்கும் ஒரே மூச்சாய் ஓடி வரவேண்டும். அதை அடுத்த நாள் வாசக சாலைச் சுவரில் போட்டுக் காட்டி, பயந்து தீர்ந்த பிறகு பலகையையும் கொண்டுவந்து நடுவில் வைக்கவேண்டும். வெளிச்சத்திற்கு ஒரு டார்ச்சு விளக்கைப் பலகையின் அடியில் கட்டிக்கொள்ளுவது நல்லது. புளியமர வேர் தடுக்கும். முன்னால் ஓடுகிறவர் பார்த்து ஓடவேண்டும்.